கரையோடு நடந்தேன்

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது என் பழக்கம். உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்ஸ்பெக்டர்.

என் மகள் நீச்சலில் தேசிய சாம்பியன். பயிற்சி கொடுத்தது நான்தான். பதினாலு வயதிலிருந்து வாரம் ஒரு ஊசி போட்டேன். சத்து ஊசி என்று சொல்லியிருந்தேன். தோள் அகன்றது, குரல் கொஞ்சம் தடித்தது, பதக்கங்கள் வந்தன. கல்யாணத்துக்குப் பிறகு கரு தங்கவில்லை. அந்த ஊசிதான் காரணம் என்று யாரோ ஒரு டாக்டர் சொல்லிவிட்டார்.

நேற்று வீட்டுக்கு வந்தாள்.

"நாளைக்குப் பத்திரிகைக்காரங்களை வரச் சொல்லியிருக்கேன்ப்பா. எல்லாத்தையும் சொல்லிட்டு மெடலைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"என் மூஞ்சியில கரி பூசப் போறியா?"

"நீங்களே பூசிக்கிட்டதுதானே. நான் கழுவி விடறேன்."

இந்த வாய் அவள் அம்மாவுடையது. நான் சத்தம் போடவில்லை. விடிந்ததும் நீச்சல் குளத்துக்கு வந்து கடைசியாக ஒருமுறை அடிநீச்சல் காட்டச் சொன்னேன்.

சிரித்தாள். "இன்னும் ஆசை விடலையா? பழக்கம் விட்டுப் போச்சுப்பா, மூச்சு பத்தாது."

"பத்தாட்டி நான் இருக்கேன்ல."

அடிநீச்சல் என்றால், மூச்சை அடக்கி, தலையைத் தூக்காமல், நீருக்கடியிலேயே போய்த் திரும்புவது. மூச்சு தீரும்போது வயிறு துடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்திலேயே நினைவு தப்பும். நீந்துகிறவருக்குத் தெரியாது. அதனால்தான் ஒருவர் கொக்கிக் கழியோடு கரையில் கூடவே நடக்க வேண்டும். உடல் தளர்ந்த உடனே மாட்டி இழுத்துவிட வேண்டும். வயிறு துடித்தாலும் மேலே வராதே, அப்பா பார்த்துக்கொள்வேன் என்று சிறு வயதிலிருந்தே பழக்கியிருந்தேன். மற்ற பிள்ளைகள் பயந்து தலையைத் தூக்குவார்கள். என் மகள் தூக்கமாட்டாள்.

குளத்தில் வேறு யாரும் இல்லை. சாவி என்னிடம் உண்டு. இறங்கும் முன் கேட்டாள்:

"நடந்து வருவீங்கல்ல?"

"எப்ப வராம இருந்திருக்கேன்?"

நடந்தேன். போகும்போது அழகாகப் போனாள். திரும்பி வரும்போது பாதி வழியில் முதுகு குலுங்கியது. தலையைத் தூக்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் வந்தாள், கால் நின்றது. கழி என் கையில்தான் இருந்தது. அதை நீரில் விடவில்லை. குமிழி அடங்கும் வரை நின்றேன். பிறகு துண்டை மடித்து வைத்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

கொலை என்று எழுதுவதானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்றைய பேப்பரில் அவள் சாம்பியன். நாளைய பேப்பரிலும் சாம்பியனாகத்தான் இருப்பாள். ஒரு தகப்பன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

ஒரு திருத்தம் மட்டும். சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டாள் என்று உங்கள் ஆள் எழுதியிருக்கிறார். தொட்டுவிட்டாள் என்று மாற்றுங்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் பாதியில் விட்டதில்லை.