அச்சு இறுகும் வரைக்கும்

மறந்துடணுமா? சரி, முதல்ல வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். டிரேயை நான் பிடிச்சுக்கிறேன், நீங்க நாக்கை மட்டும் ஒரு தடவை மேல தூக்கிட்டுக் கீழ விடுங்க. பல் செட்டுக்கு அச்சு எடுக்கிற இந்தப் பசை இறுக மூணு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் தாடையை அசைக்கக்கூடாது, பேசக்கூடாது. அசைச்சா அச்சு கெட்டுடும், மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். புரிஞ்சுதுன்னா கண்ணை மூடித் திறங்க. நல்லது.

இப்ப நான் பேசறேன், ஐயா.

உள்ளே வந்ததும் என்னை உத்துப் பாத்தீங்க. எங்கயோ பாத்த முகமா இருக்கேம்மான்னு கேட்டீங்க. சபையில திருவிருந்துக் கிண்ணம் கழுவின அம்மாவோட பொண்ணுன்னு சொன்னேன். உங்க முகம் ஒரு தடவை மாறிச்சு. ஒரே ஒரு தடவைதான். உடனே, பழசையெல்லாம் மறந்துடணும்மா, நாம விசுவாசிகள் இல்லையான்னு சொல்லிட்டு, நாற்காலியில வசதியா சாஞ்சுக்கிட்டீங்க. பஸ்ஸுல காலை மிதிச்சவங்ககூட அதைவிடக் கொஞ்சம் கூடுதலா வருத்தப்படுவாங்க.

தலையை ஆட்டாதீங்க. அசையக்கூடாதுன்னு சொன்னேன் இல்லையா?

யாரு மறக்கணும்? அதை முதல்ல முடிவு பண்ணிடலாம். உங்களுக்கு மறக்க என்ன இருக்கு? அப்ப சபை மூப்பரா இருந்தீங்க, இன்னைக்கும் மூப்பராத்தான் இருக்கீங்க. முன் வரிசையில உங்களுக்குன்னு ஒரு இடம் இருந்துச்சு, இப்பவும் இருக்கும். மறக்க வேண்டியது முழுக்க எங்க பக்கம்தான் கிடக்கு. அதையும் நாங்களே சுமந்துட்டுப் போய் எங்கயாவது கொட்டிட்டு வரணும். நீங்க, நல்லா இருங்கம்மான்னு ஆசீர்வாதம் பண்ணுவீங்க.

எங்கம்மா பதினேழு வருஷம் அந்தக் கிண்ணங்களைக் கழுவினாங்க. நூத்து நாப்பது கண்ணாடிக் கிண்ணம், ஒவ்வொண்ணும் என் கட்டை விரல் உயரம். ஒண்ணுகூட உடைஞ்சதில்லை. சனிக்கிழமை வெந்நீர்ல கழுவி, வெள்ளைத் துணியில கவுத்து வெச்சு, ஞாயித்துக்கிழமை விடியக்காலையில திராட்சரசம் ஊத்துவாங்க. ஆராதனை முடிஞ்ச பிறகு கிண்ணத்துல மிஞ்சினதையும் திறந்த பாட்டில்ல மிஞ்சினதையும் ஒரு சொம்புல சேத்து எடுத்துட்டுப் போய், சபைக்குப் பின்னால இருந்த மரத்தடியில மண்ணுல ஊத்துவாங்க. ஜெபம் பண்ணின ரசம் சாக்கடையில போகக்கூடாதுன்னு பழைய போதகர் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருந்தார். நானே சின்ன வயசுல சொம்பைத் தூக்கிட்டுப் பின்னாலயே போயிருக்கேன்.

பழைய போதகர் வேற ஊருக்கு மாறிப் போனார், நீங்க பொறுப்புக்கு வந்தீங்க. பாட்டில் ஏன் சீக்கிரம் தீருதுன்னு எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவங்க மரத்தடியைக் காட்டியிருப்பாங்க. நீங்க கேக்கலை. ஆராதனை முடிஞ்சதும் திறந்த பாட்டில்ல மிச்சம் எவ்வளவுன்னு, வாராவாரம் லேபிள்ல பென்சிலால கோடு போட்டீங்க. நாலு ஞாயித்துக்கிழமை, நாலு பாட்டில், நாலு கோடு! பள்ளிக்கூடத்துல பையன் வளத்தியைச் சுவத்துல குறிக்கிற மாதிரி குறிச்சு வெச்சுட்டு, அஞ்சாவது ஞாயித்துக்கிழமை காலிப் பாட்டிலோட மேடை ஏறினீங்க. திருவிருந்து ரசத்தைக் குடிக்கிற கை இந்தச் சபையில இருக்குன்னு சொல்லி, எங்கம்மாவை எழுந்து நிக்கச் சொன்னீங்க.

இருங்க, இறுகிடுச்சு. எடுக்கறேன். கொஞ்சம் இழுக்கும், பயப்படாதீங்க. ம்... வந்துடுச்சு. அச்சு நல்லா விழுந்திருக்கு. அந்தத் தண்ணியால வாயைக் கொப்பளிங்க.

வேணாம், ஐயா. அந்தக் காலத்துல சூழ்நிலை அப்படின்னு ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் எனக்கு வேணாம். சூழ்நிலையா வந்து பென்சிலைப் பிடிச்சுது? மேல் அச்சு இன்னும் பாக்கி இருக்கு. பொடியைக் கலக்கறேன், அதுவரைக்கும் வாய் ஆறட்டும். புண்ணு இன்னும் இருக்கா? இடது பக்கம், கீழ? பாத்தேன். செவந்து போய்த்தான் இருக்கு. மாத்திரையை நிறுத்தாதீங்க. ஆமா, பழைய செட்டை இனிமே போடவே போடாதீங்க.

திறங்க. மேல் பக்கம் கொஞ்சம் குமட்டும். மூக்கால மூச்சு விடுங்க, கால் விரலை ஆட்டுங்க. கவனம் அங்க போயிட்டா குமட்டல் அடங்கிடும். அப்படித்தான்.

எங்கம்மா எழுந்து நின்னாங்க. குடிக்கலைன்னு சொன்னாங்க. மரத்தடியில ஊத்தறேன்னும் சொன்னாங்க. பின்னால ரெண்டு பேர் சிரிச்சாங்க. மரத்துக்கு யாராவது திராட்சரசம் ஊத்துவாங்களான்னு நீங்க கேட்டீங்க, அதுக்கப்புறம் எல்லாருமே சிரிச்சாங்க. தப்பை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கிற வரைக்கும் திருவிருந்து கிடையாதுன்னு தீர்மானம் போட்டீங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் நானே அவங்ககிட்ட சொன்னேன்: ஒரு வார்த்தை மன்னிப்புன்னு சொல்லித் தொலைச்சுடும்மா, மானம் போகுதும்மான்னேன். எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. அதுக்கு அவங்க, செய்யாததைச் செஞ்சேன்னு கர்த்தர் முன்னாடி பொய் சொல்லிட்டு, அந்தப் பொய்யோட போய்க் கிண்ணத்தை வாங்கச் சொல்றியாடின்னு கேட்டாங்க. அதுக்குப் பதில் உங்களுக்குத் தெரிஞ்சா டிரேயை எடுத்த பிறகு சொல்லுங்க.

ஆறு வருஷம் கடைசி பெஞ்சுல உக்காந்தாங்க. வேற சபைக்குப் போவோம்னு நான் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். கேக்கலை. கிண்ணத் தட்டு வரிசை வரிசையா வரும். இவங்களைத் தாண்டும்போது தட்டைப் பிடிச்சிருக்கிறவர் கையை உயர்த்தி, தலைக்கு மேல கொண்டு போவார். அம்மா கழுவாத கிண்ணம்; அவங்களுக்குப் பதிலா கழுவ வந்தவங்க மாசத்துக்கு மூணு உடைச்சாங்க. அம்மா மடியில கையைக் கோத்துட்டுத் தட்டையே பாத்துட்டிருப்பாங்க. அந்தக் கையை நான் பாத்துட்டிருப்பேன். ஆறு வருஷம் முடிஞ்சு ஒரு செவ்வாய்க்கிழமை செத்துப் போனாங்க. ஒரு கிண்ணம்கூட வாங்காம.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் தப்புன்னு சொல்லலாம். தெரியாம செஞ்ச தப்பு. மனுஷனுக்கு மனுஷன் தப்பாக் கணிக்கிறதுதான், அதை நான் எப்படியாவது விழுங்கியிருப்பேன். ஆனா அடக்கத்துக்குப் பழைய போதகர் வந்திருந்தார். கல்லறையிலேயே என் கையைப் பிடிச்சுட்டு அழுதார். ரெண்டாவது வருஷமே மூப்பருக்குக் கடுதாசி எழுதினேனேம்மா, மரத்தடியில ஊத்தச் சொன்னது நான்தான்னு விவரமா எழுதினேனே, அவர் சபையில வாசிக்கலையான்னு கேட்டார்.

கண்ணை ஏன் மூடிட்டீங்க? நான் கேள்வி ஒண்ணும் கேக்கலையே.

நாலு வருஷம், ஐயா! நாலு வருஷமா அந்தக் கடுதாசி உங்ககிட்ட இருந்துச்சு. தட்டு எங்கம்மா தலைக்கு மேல போறதை முன் வரிசையில இருந்து திரும்பித் திரும்பிப் பாத்தீங்களே, அப்பெல்லாம் உங்களுக்குத் தெரியும். அடக்கம் நடந்த அன்னைக்குச் சாயங்காலமே உங்க வீட்டு வாசலுக்கு வந்தேன். உங்க மருமக வெளியே வந்து, மாமா ஜெபத்துல இருக்காருன்னு சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் நின்னேன். அவ்வளவு நீளமான ஜெபத்தை நான் அதுக்கு முன்னாடியும் கேள்விப்பட்டதில்லை, பின்னாடியும் கேள்விப்பட்டதில்லை.

நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். பாட்டிலைத் தூக்கிக் காட்டின அதே இடத்துல நின்னு, அந்த அம்மா குடிக்கலை, அது எனக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு சபைக்குச் சொல்லணும். அப்ப சிரிச்சவங்கள்ல பாதிப் பேராவது இன்னும் உயிரோட இருப்பாங்க, அவங்க காதுல விழணும். பதினஞ்சு வருஷமா எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

இதுவும் இறுகிடுச்சு. எடுத்துடறேன். இருமுங்க, பரவாயில்லை. தண்ணி குடிங்க. மெதுவா.

நீங்க இன்னும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் முடிக்கலை. முடிச்ச பிறகு உங்களுக்கு நிறையச் சொல்ல இருக்கும்.

நான் விசுவாசத்தை விட்டுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. உங்க சபையை விட்டேன், அவ்வளவுதான். அப்புறம் ரொம்ப வருஷம் தனியா ஜெபம் பண்ணுவேன். பரமண்டல ஜெபத்துல, தப்பு செஞ்சவங்களை மன்னிக்கிற வரி வந்தா வாயை மூடிக்கிட்டு, அடுத்த வரியில இருந்து சொல்லுவேன். போன வருஷம் தையல்கார அக்கா ஒருத்தங்க புதன்கிழமை ஜெபத்துக்குக் கூப்பிட்டாங்க. அவங்க கடையிலேயே, மெஷினை ஓரம் தள்ளிட்டு அஞ்சு பொம்பளைங்க உக்காருவோம். நான் எங்கம்மா கதையைச் சொன்னதும், அவங்களும் மத்தவங்க மாதிரி மறந்துடுன்னுதான் சொல்லப்போறாங்கன்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். அவங்க அதைச் சொல்லலை. கோபம் இருக்கட்டும், ஆனா தினமும் அந்த ஆளுக்கு ஒரே ஒரு நல்லது கேட்டு ஜெபம் பண்ணுன்னாங்க.

முதல் நாள் நான் பண்ணின ஜெபம் என்ன தெரியுமா? ஆண்டவரே, அவருக்கு நீண்ட ஆயுசைக் குடும், அதுல ஒவ்வொரு நாளும் எங்கம்மா முகம் அவருக்கு ஞாபகம் வரட்டும். அக்கா கத்தரிக்கோலைக் கீழ வெச்சுட்டு, இது ஜெபமாடி, சாபமாடின்னு கேட்டாங்க. மறுபடி ஆரம்பிச்சேன். அவருக்கு நல்ல தூக்கத்தைக் குடும். முட்டி வலி இல்லாம இருக்கட்டும். பேரப் பிள்ளைங்க நல்லாப் படிக்கட்டும். சொல்லச் சொல்ல வாய்க்குப் பழகிடுச்சு. மூணு மாசம் கழிச்சு ஒரு புதன்கிழமை எழுந்து சாட்சி சொன்னேன். மூப்பரை மன்னிச்சுட்டேன், மனசு லேசா இருக்குன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு அம்மா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. நானும்தான் அழுதேன். அது பொய்யில்லை, ஐயா. அந்த நேரத்துக்கு அது நிஜம்.

மறுநாள் வியாழக்கிழமை. உங்க ஊரு ஆஸ்பத்திரிப் பல் டாக்டர் அனுப்பின பெட்டி வந்துச்சு. அந்த ஊருப் பல் செட்டு வேலையெல்லாம் இந்தப் பட்டறைக்குத்தான் வரும், அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்லை. அஞ்சு அச்சு இருந்துச்சு. நாலாவது சீட்டுல உங்க பேரு, வயசு, தெரு.

உங்க அச்சுல பிளாஸ்டர் ஊத்தினேன், காய வெச்சேன். உங்க தாடை அப்படியே என் உள்ளங்கையில இருந்துச்சு. எங்க வேலையில ஒண்ணு உண்டு. அந்தப் பிளாஸ்டர்ல ஒரு இடத்தைக் கொஞ்சம் சுரண்டிட்டா, அது மேல செய்யற செட்டு அந்த இடத்துல மட்டும் ஈறை அழுத்தும். நகக்கண் அளவு சுரண்டினாப் போதும். வெளியே இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது. டாக்டர்கூட, புது செட்டுதானே, பழகினா சரியாயிடும்னுதான் சொல்லுவார்.

கீழ்த்தாடை, இடது பக்கம்.

ஆமா, நான்தான். கை தவறலை. கத்தி முனையை வெச்சுச் சுரண்டிட்டு, அது மேலயே மெழுகு வெச்சு, பல்லு அடுக்கி, பாலிஷ் போட்டு, பெட்டியில வெச்சு அனுப்பினேன். எட்டு மாசமா நீங்க அரைச்சுக் கரைச்சுக் குடிக்கிறதா ஆஸ்பத்திரியில இருந்து ரெண்டு தடவை போன் வந்துச்சு. சபையில வேதம் வாசிக்கிறதைக்கூட விட்டுட்டீங்கன்னு சொன்னாங்க. நான் இப்படிச் செஞ்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும். சொல்லலை. ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தக் கடையில போய் உக்காந்துட்டு வந்தேன், அங்கேயும் சொல்லலை.

இன்னைக்குக் காலையில, நேர்ல அச்சு எடுக்க வர்றவங்க சீட்டுல உங்க பேரைப் பாத்ததும் மாடிக்குப் போய் இங்கத்து டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். புது செட்டை ஒவ்வொரு கட்டத்துலயும் அவங்க பாத்துட்டுத்தான் அடுத்த கட்டத்துக்கு விடுவாங்க. வேற பட்டறையில செய்யணும்னாலும் இந்த அச்சை அப்படியே குடுத்துடறேன். என்னை இந்த வேலையில வெச்சுக்கிறதான்னு, உங்ககிட்ட கேட்ட பிறகு முடிவு பண்றேன்னு சொல்லியிருக்காங்க. மாடிக்குப் படி அந்தப் பக்கம்.

எங்கம்மா விஷயத்துல எனக்கு வேண்டியதைக் கேட்டுட்டேன், அதுல ஒரு எழுத்தையும் குறைக்க மாட்டேன். நான் செஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்கறேன், அதுலயும் குறைக்க மாட்டேன். ஒண்ணுக்கு ஒண்ணு ஈடு இல்லை. நீங்க சபையில சொன்னாலும் சொல்லாட்டியும் நான் செஞ்சது தப்புதான்.

எழுந்துட்டீங்க. கோபம்தானே? வரட்டும், ஐயா. நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன்.