அவன் எடுக்காத அழைப்பு

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, தாங்க முடியாத புழுக்கத்திலும் தலை நிமிர்ந்து அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று எதையும் மிச்சம் வைக்காமல் அமர்ந்துவிட்ட செயலாளர் அவர்களே! சக்கரத்தோடு சுழன்று சங்கத்தைச் சுமந்த சான்றோர்களே! பெட்டியும் மூட்டையுமாய் ஊரையே ஏற்றி இறக்கும் ஓட்டுநர் தோழர்களே! அவர்கள் வீடு திரும்பும்வரை வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கும் தாய்மார்களே! மூன்றாவது வரிசையில் மகளை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் என் தங்கையே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மேசைமேல் அடுக்கியிருப்பதைப் பார்க்கிறீர்கள். இருநூறு பெட்டி. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. வண்டி ஓட்டும்போது கையால் தொடாமல் போன் பேசும் கருவி. "எது நல்லதுன்னு நீங்களே விளக்குங்க, அதுல நீங்கதானே கில்லாடி" என்று செயலாளர் என்னை அழைத்தார். உண்மைதான். ஆபீஸில் உட்கார்ந்து பார்சல் வண்டிகளுக்கு வழி சொல்வது என் வேலை. ஒயர் அண்ணன் என்று எனக்குப் பட்டப்பெயரே உண்டு. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கொஞ்ச நேரத்தில் நீங்களே நிறுத்திவிடுவீர்கள்.

விளக்குகிறேன். காதில் மாட்டும் ஒயர் வேண்டாம். கியர் மாற்றும் கையில் சிக்கும், பின்னால் வருகிறவன் ஹாரன் கேட்காது. ஒற்றைக் காதில் செருகும் புளூடூத் இரண்டு மணி நேரத்தில் காதைக் கடிக்கும். கண்ணாடியில் ஒட்டும் ஸ்டாண்ட் வெயிலில் இளகி, வளைவில் மடியில் விழும். தலைக்கு மேலே வெயில் மறைப்பானில் செருகுகிற சின்ன ஸ்பீக்கர் இருக்கிறதே, அதுதான் ராஜா! இந்தப் பெட்டிகளில் இருப்பதும் அதுவே. எஞ்சின் சத்தத்தை வடிகட்டும். பட்டன் அமுக்க வேண்டாம். இரண்டு முறை அடித்ததும் தானே அழைப்பை எடுத்துக்கொள்ளும். மூன்று நாள் கடை கடையாய் ஏறி இறங்கி அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். யாருக்காக? என் தங்கை கணவனுக்காக. என் மாப்பிள்ளைக்காக.

கைதட்ட வேண்டாம். கேளுங்கள்.

அவனும் உங்களைப்போல் ஒரு பார்சல் வண்டி ஓட்டுநர். அவனிடம் ஒரு பிடிவாதம். வண்டி உருண்டால் போனைத் தொடமாட்டான். அடிக்கட்டும், அலறட்டும், அழுது புரளட்டும், எடுக்கவே மாட்டான். ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் திருப்பிக் கூப்பிடுவான். எனக்கோ ஆபீஸில் மண்டை காயும். "நாலு தடவை அடிச்சேனே மாப்ள, காது என்ன அடைச்சுப் போச்சா?" என்று கத்துவேன். "ஓட்டிக்கிட்டிருந்தேன் மச்சான்" என்பான். வேறு சாக்கே சொல்லமாட்டான். அந்த ஸ்பீக்கரை நானே மாட்டிவிட்ட அன்று கேட்டான்: "நான் எடுக்கலைன்னா அது ஏன் மச்சான் எடுக்கணும்?" நான் சொன்னேன்: "உன் கை ரெண்டும் ஸ்டியரிங்லதானே இருக்கப் போகுது, பேசாம இரு."

பேசமாட்டேன் என்று சொல்லும் உரிமை ஒன்றுதான் அவனிடம் இருந்தது, தோழர்களே. ஆசை ஆசையாய், அலைந்து திரிந்து வாங்கிய அந்தக் கருவியால் அதைப் பிடுங்கினேன்.

மாட்டிவிட்ட ஒன்பதாம் நாள். பகல் பதினோரு மணி. நேர்ச்சாலை; மழையில்லை, பனியில்லை. நான் கூப்பிட்டேன். இரண்டு முறை அடித்தது. அவன் எடுக்கவில்லை, அது எடுத்தது.

"மாப்ள, நேத்து ஃப்ரிட்ஜ் இறக்கின வீட்டுல கையெழுத்து வாங்கின தாளை எங்க வெச்ச?"

"பைல இருக்கும் மச்சான்."

"எந்தப் பை? கறுப்பா, பச்சையா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இருங்க... கறுப்புல சாப்பாட்டு டப்பா இருக்கு... பச்சையில..."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கேட்ட சத்தத்தை இந்த மேடையில் சொல்லமாட்டேன். குழந்தைகள் இருக்கிறார்கள்.

முன்னால் ஒரு லாரி, டயர் பஞ்சராகி, சிவப்பு முக்கோணம் வைத்து ஒழுங்காக நின்றிருந்தது. அவன் பிரேக் பிடித்த தடமே சாலையில் இல்லை. கை எங்கே இருந்தது? ஸ்டியரிங்கில். கண் எங்கே இருந்தது? சாலையில். மனம் எங்கே இருந்தது? பச்சைப் பைக்குள் தாளைத் தேடிக்கொண்டிருந்தது! அங்கே அனுப்பியவன் நான். அந்தத் தாள் என் மேசை டிராயரிலேயே இருந்தது. முந்தின நாளே என்னிடம் கொடுத்திருக்கிறான், நான்தான் மறந்துபோனேன்.

விசாரிக்க வந்த அதிகாரி ஸ்பீக்கரைப் பார்த்தார். "கைல போன் இல்ல, அப்போ போன் காரணமில்ல. தூங்கியிருப்பாரோ?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருக்கலாம் சார். ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல், முழிச்சிருந்தான்" என்றேன்.

யாரது "ஐயோ" என்றது? இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா. இரண்டு ஆண்டாக என் தங்கை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "அவரைத் தூங்க விட்டிருக்கணும்ணே, பிள்ளையை நானே பாத்திருக்கணும்ணே" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். வாயைத் திறந்தேனா? பாவி, திறக்கவில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளையும் தன் காய்ச்சல்தான் அப்பாவைக் கொன்றது என்று நம்பி வளரும். வீட்டில் சொல்ல நூறு முறை வாயெடுத்து நூறு முறையும் விழுங்கினேன். இன்று இந்தப் பெட்டியைப் புகழ்ந்துவிட்டு இறங்கினால், இருநூறு பேரிடமும் அதே உரிமையைப் பிடுங்கியவன் ஆவேன்.

தங்கச்சி! நிமிர்ந்து பாரும்மா. உன் புருஷன் தூங்கலம்மா. நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். நான்தான் அவன்கூடப் பேசிக்கிட்டிருந்தேன். உன் மேலயும் தப்பில்ல, பிள்ளை மேலயும் தப்பில்ல.

தலைவர் அவர்களே, சட்டையை இழுக்காதீர்கள், முடித்துவிடுகிறேன். ஓட்டுநர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கூப்பிடுகிறவர்களே, ஆபீஸில் இருப்பவர்களே, வீட்டில் இருப்பவர்களே, உங்களுக்குச் சொல்கிறேன்! அவசரமா? காத்திருங்கள். ஆசையா? காத்திருங்கள். ஆத்திரமா? அதற்கும் காத்திருங்கள்! உங்கள் முதல் கேள்வி "வண்டி நிக்குதா?" என்பதாக இருக்கட்டும். இல்லை என்றால் அடுத்த சொல் வேண்டாம், வைத்துவிடுங்கள். பெட்டி வேண்டுமென்பவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தானே எடுக்கும் அந்த வசதியை இங்கேயே, என் கண் முன்னால் அணைத்துவிட்டுக் கொண்டுபோங்கள்!

என் தங்கை எழுந்துவிட்டாள். வழிவிடுங்கள் தாய்மார்களே. கையைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள், அண்ணன்தானே என்று சமாதானம் சொல்லாதீர்கள். இரண்டு ஆண்டு தன்னையே ஏசிக்கொண்டவள், இனி என்னை ஏசட்டும். வாசலருகே நிற்கும் தோழர் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளால் தள்ள முடியாது.

இருந்து கேட்ட உங்களுக்கும், எழுந்து போகிற அவளுக்கும் என் நன்றி. வணக்கம்.