குளம்பு தெரியும் மாதா கொடி

ஜெபமணி: ...அதுக்கில்ல லாசரண்ணே, கொடிய ஒரு மணி நேரம் எங்கிட்ட குடுங்க. மாதா மொகத்துல சின்ன வேலை கீது.

லாசர்: சாயங்காலம் கொடியேத்தம். பென்னலூரே தெருவுல நிக்குது. இப்ப வந்து வேலை கீதுன்றே.

ஜெபமணி: பெயிண்டு காயல...

லாசர்: காஞ்சிட்ச்சு. நான் தொட்டுப் பாத்தேன்.

ஜெபமணி: அண்ணே... அது மாதா இல்ல.

லாசர்: பின்ன?

ஜெபமணி: சுங்குவார்சத்திரம் பழைய பேப்பர் கடையில ஒரு புஸ்தகம். அமெரிக்காக்காரன் ஓசியில அனுப்புவானே, அது. அதுல ஒரு படம். மேகத்து மேல ஒரு அம்மா. கீழ கொழந்தையோட ஒருத்தி தூங்கினுகீறா. மொகம் லட்சணமா இருந்திச்சு, பாத்து வரைஞ்சிட்டேன்.

லாசர்: நம்ம கொடியில கொழந்தை மடியில இல்ல கீது?

ஜெபமணி: நான்தான் தூக்கி வச்சேன்.

லாசர்: நல்லாத்தான் தூங்குது. இப்ப இன்னா?

ஜெபமணி: கம்பெனியில டூல் ரூம்ல கீறாரே ரகுபதி சாரு, அவரு நேத்து படத்துக்குக் கீழ இருந்த இங்கிலீஷ வாசிச்சாரு. பாரசீகத்து தேவதையாம், ராத்திரிக்கு அதிபதி. போன நூத்தாண்டுல ஒரு அமெரிக்கப் பெயிண்டரு, பெரிய சுவத்துல போடறதுக்கு முன்னாடி ஒத்திகையா இத வரைஞ்சு பாத்தாராம்.

லாசர்: ஒத்திகையா? அரைகுறையவா எங்களுக்குக் குடுத்தே?

ஜெபமணி: அவளுக்கு மூணு குதிரை வேற. அத வுட்டுட்டேன்.

லாசர்: முழுசாவா?

ஜெபமணி: ...ஒரு குளம்பு மட்டும் மேகத்துல நின்னுபோச்சு.

லாசர்: அதுவா. எங்க வூட்ல கேட்டா. ஆட்டுக்குட்டின்னேன். ஒதட்டால தொட்டு முத்தி பண்ணிட்டுப் போனா.

ஜெபமணி: வெளையாடாதீங்கண்ணே. ஃபாதர் மந்திரிச்சு ஏத்திட்டா பத்து நாளு ஊரே கும்பிடும். தெரிஞ்சா அப்புறம் எவனும் என்னை நம்பி பிரஷ்ஷத் தரமாட்டான்.

லாசர்: மாதா படம் வேணும்னு கேக்கறதுக்கு இன்னா? வூட்டுக்கு வூடு தொங்குது.

ஜெபமணி: கேட்டா, உன் வூட்ல இல்லியான்னு கேப்பீங்க.

லாசர்: இல்லியா?

ஜெபமணி: இல்ல. நாங்க... ஆர்.சி. இல்லண்ணே. புராட்டஸ்டண்டு. மாதா படம் வெக்கமாட்டோம்.

லாசர்: மெதுவா பேசு.

ஜெபமணி: நேரா ஃபாதர்கிட்டயே போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்.

லாசர்: பாரசீகத்தச் சொல்லு, பரவால்ல. கொழந்தை ஏசுவப் பாக்க வந்த மூணு ராசாவும் அந்தப் பக்கத்துலேந்துதான வந்தாங்க, சமாளிச்சுக்குவாரு. மத்தத சொல்லாத.

ஜெபமணி: ஏன்?

லாசர்: போன வருஷம் வரைஞ்சவன் மாதாவுக்கு மீசை வச்ச மாதிரி நெழல் போட்டுட்டான். உன்ன வுட்டா ஆள் இல்ல. கொடி வரையறவன் சாமியார்கிட்ட தன் பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுத்தான் பிரஷ்ஷத் தொடணும்னாரு ஃபாதர். பையன் நம்ம ஆர்.சி., வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு சர்ச்சுல போய்ப் பண்ணிட்டு வந்துட்டான்னு பீடத்துல கீற மாதா சுரூபத்து முன்னாலயே அவருகிட்ட சொல்லிட்டேன். தெரிஞ்சே சொன்ன அந்தப் பொய்க்கு நானே இன்னும் பாவசங்கீர்த்தனம் பண்ணல... வா, கயித்தப் புடி.