ஈரப் பனியன்

குளிருக்கு உடுத்துகிறவர்கள் பெரும்பாலும் கோட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அது தப்பு. முதலில் பார்க்க வேண்டியது தோலை ஒட்டிப் போடுகிற உள்ளுடுப்பு. மேலே எவ்வளவு உசத்தியான கோட்டைப் போட்டாலும் உள்ளே தப்பான துணி இருந்தால் அந்தக் கோட்டால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. சவூதியில், தம்மாமில் எங்கள் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் பதினொரு வருஷமாக இதைத்தான் சொல்லிவந்தேன்.

பாலைவனத்தில் என்னப்பா குளிர் என்று ஊரில் கேட்பார்கள். ஜனவரியில் ஹஃபர் அல் பாத்தினுக்கு வடக்கே போய்ப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் தண்ணீர்க் கேனில் மேலாக ஐஸ் படிந்திருக்கும். அந்த நேரத்தில்தான் அரபிகள் ராஜாளியைக் கையில் ஏந்திக்கொண்டு ஹுபாரா என்கிற பறவையை வேட்டையாடப் புறப்படுவார்கள். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். பறவை கிளம்பினால் ராஜாளிக்குப் பின்னால் ஓட வேண்டும். ஓடி வியர்த்து, மறுபடியும் பிக்கப்பின் பின்னால் ஏறிக் காற்றில் உட்கார வேண்டும். ஆளைக் கொல்வது அந்தக் கடைசிப் பகுதிதான்.

என் பெயர் முகம்மது சித்தீக். சொந்த ஊர் அதிராம்பட்டினம். கூடாரம், டார்ச், ராஜாளிக்குக் கண்மூடி, வேட்டைக்காரர்களுக்கு உடுப்பு எல்லாம் விற்கிற கடைக்கு மேனேஜராக இருந்தேன். கடை என் கஃபீல், அதாவது எனக்கு விசா கொடுத்த முதலாளி, அபூ நாசருடையது. உள்ளுடுப்பைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு நார்வேக்காரர். உடம்பைப் பிடித்தாற்போல் இருக்க வேண்டும், ஆனால் அக்குளில் இறுக்கக் கூடாது. குந்தி உட்கார்ந்தால் முதுகு தெரியாத நீளம் வேண்டும். நைலான் சீக்கிரம் காயும், ஆனால் மூன்றாம் நாள் பக்கத்தில் ஆள் உட்கார முடியாது, நெருப்புப் பொறி பட்டால் ஓட்டையும் விழும். மெல்லிய கம்பளிதான் சரி. பருத்தி மட்டும் கூடவே கூடாது.

ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்ல மாட்டேன், செய்து காட்டுவேன். ஒரு பருத்திப் பனியனையும் ஒரு கம்பளித் துணியையும் நனைத்துப் பிழிந்து, ஆளுக்கு ஒரு கையில் இதையும் மறு கையில் அதையும் சுற்றி, ஏசிக்கு முன்னால் நீட்டச் சொல்வேன். ஒரு நிமிஷம் தாங்காது. பனியன் சுற்றிய கையை அவர்களே உதறிவிடுவார்கள். கம்பளி சுற்றிய கை நனைந்தும் கதகதப்பாகவே இருக்கும். பேசாமல் இரண்டு செட் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அதற்குத் தண்ணீர் வாளி கொண்டுவந்து வைப்பது வைரவன். வத்தலக்குண்டுப் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது இளையவர். மூட்டை தூக்க வந்தவர் ஒன்றரை வருஷத்தில் என்னைவிட நன்றாக அரபி பேசினார். அபூ நாசரின் ராஜாளிகள் அவர் கையில் கோழிக்குஞ்சுபோல அடங்கி நின்றன. அதில் ஒன்று என்னை ஒரு தடவை கொத்தியிருக்கிறது. வாடிக்கைக்காரர்கள் கடைக்குள் நுழையும்போதே "வேன் வைரவன்?", எங்கே வைரவன் என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். என் மகள் ஹிஃப்ஸாவின் சைக்கிளை இரண்டு தடவை ரிப்பேர் செய்து கொடுத்த மனிதர்.

தொண்ணூற்றாறு ஜனவரியில், வேட்டைக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது, அபூ நாசர் என்னைக் கூப்பிட்டார். இந்த வருஷம் என்னோடு வைரவன் வரட்டும், நீ கடையைப் பார் என்றார். அதற்கு முன் ஒன்பது வருஷம் கூடப் போனவன் நான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். திரும்பி வந்ததும் கடையை அவனிடம் விடலாமா என்று யோசிக்கிறேன், நீ ஜுபைல் குடோனுக்குப் போ, கலாஸ், பேச்சு முடிந்தது என்றார். எப்போதும்போலச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

குடோன் வேலை என்றால் என் இகாமாவில், அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அட்டையில், மேனேஜர் என்பது போய்விடும். அது போனால் குடும்ப விசா கிடையாது. பத்ருன்னிசாவைக் கட்டிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. அதில் ஒரே வீட்டில் இருந்தது மூன்று வருஷம். ஹிஃப்ஸா என்னை வாப்பா என்று கூப்பிட வெட்கப்பட்டு, பழகி, அப்போதுதான் தோளில் தொங்க ஆரம்பித்திருந்தாள். அவர்களை மறுபடி விமானம் ஏற்றிவிட என்னால் முடியாது. இதைக் காரணமாகத்தான் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்காகச் சொல்லவில்லை.

கூடப் போகிற ஆறு பேருக்கும் நல்ல உள்ளுடுப்பாகப் பார்த்துக் கொடு என்று அபூ நாசர் உத்தரவு. கொடுத்தேன். வைரவனுக்கு இருப்பதிலேயே சிறந்ததை எடுத்தேன், நியூசிலாந்துக் கம்பளி. எல்லோரும் பார்க்க அவர் கையில் கொடுத்தேன். அளவு மட்டும் ஒரு சைஸ் பெரிது.

"கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும்போல பாய்," என்றார்.

"இந்தச் சைஸ்தான் கையிருப்பு. ஒங்க அப்பாவுக்குன்னா கச்சிதமா இருக்கும்," என்றேன்.

அவருடைய அப்பா கொடைக்கானலில் ஒரு பங்களாவுக்கு வாட்ச்மேன். மார்கழி வந்தால் இழுப்பு. இதெல்லாம் வைரவன் எனக்குச் சொல்லித்தான் தெரியும். சின்ன சைஸ் அலமாரியில் நாலு செட் இருந்தது.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஒவ்வொருவர் கட்டிலுக்கு அடியிலும் ஒரு ஊர்ப் பெட்டி இருக்கும். சென்ட், தைலம், டார்ச், போர்வை என்று புதிதாக எது கையில் கிடைத்தாலும் அதற்குள்தான் போகும். நாம் கிழிந்த பனியனோடு இருப்போம். நானும் அப்படி இருந்தவன்தான். அப்பாவுக்குக் கச்சிதமாக இருக்கும் என்று சொன்ன பிறகு அந்தப் பாக்கெட்டின் குண்டூசியை வைரவன் கழற்ற மாட்டார் என்று எனக்குத் தெரியும். முதலாளி கேட்டால் காட்டலாம் என்று பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

இதோடு நின்றிருந்தால், ஏதோ வாய் தவறிச் சொன்னேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். நாலாம் நாள் பகல் பதினொரு மணிக்குக் கடைக்கு ஃபோன் வந்தது. ஹஃபரில் பெட்ரோல் போட வந்த இடத்திலிருந்து வைரவன்.

"குளிரு கொல்லுது பாய். பல்லு கிட்டிப் போகுது. அந்த உல்லனப் பிரிச்சுப் போட்டுக்கட்டுமா, இல்ல ரெண்டு பனியனாப் போட்டுச் சமாளிச்சிரலாமா?"

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீங்க ஏசிக்கு முன்னால காட்டுவீங்கள்ல, நனைஞ்சா பருத்தி ஆகாதுன்னு. அது நெசந்தானா பாய்?"

"அது யாவாரத்துக்குக் காட்டுறது வைரவன்," என்றேன். "ரெண்டு பனியன் போதும். அப்பாவுக்குன்னு வச்சதப் பிரிச்சுப் போட்டுப் பழசாக்கிட்டு அவருக்குக் கொடுப்பீங்களா?"

அவர் சிரித்தார். "நானும் அதான் நெனச்சேன். எதுக்கும் ஒங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு பார்த்தேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

முந்தின நாள் டிவியில் வடக்கே மழை வரும் என்று சொல்லியிருந்தார்கள். நான் பார்த்திருந்தேன். முகாமுக்குத் தினமும் ரொட்டி கொண்டுபோகிற ஹஃபர் கடைக்காரரின் நம்பர் என்னிடம் இருந்தது. பகல் முழுக்கக் கடையில் ஆளே இல்லை. இரண்டு தடவை ஃபோன் பக்கத்தில் போனேன். இரண்டாம் தடவை அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் அபூ நாசரின் ராஜாளி ஒன்று திரும்பி வரவில்லை. வைரவன் தேடிப் போனார். மழை பிடித்துக்கொண்டது. ஈர மணலில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடியும் நடந்தும் தேடியிருக்கிறார், வியர்த்திருக்கும். பிறகு மழை நின்று காற்று ஆரம்பித்தது. காலையில் ஒரு முட்புதருக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள். ராஜாளி உயிரோடு இருந்தது. அதன் கால் வார் அவர் விரலில் சுற்றியிருந்தது. கோட்டுக்கு உள்ளே இரண்டு பருத்திப் பனியன், பிழிந்தால் தண்ணீர் வரும் என்றார்கள்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. காய்ச்சல் வந்து சுருண்டு படுப்பார், பறவையைப் பிடிக்க முடியாது, அபூ நாசர் அலுத்துப்போய்த் திருப்பி அனுப்புவார் என்றுதான் கணக்குப் போட்டேன். ரொம்ப நாள் எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொண்டேன். ஈரப் பருத்தி என்ன செய்யும் என்று பதினொரு வருஷம் ஊருக்கெல்லாம் செய்து காட்டியவன், எனக்குத் தெரியாது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? தெரிந்துதான் சொன்னேன். நான்தான் அவரைக் கொன்றேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போலீஸ் வந்தது. உள்ளுடுப்பு கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். பையில் குண்டூசி கழற்றாத பாக்கெட் இருந்தது, நான் கொடுத்ததற்கு ஐந்து சாட்சி இருந்தது. கஞ்சத்தனம் பண்ணிச் செத்தான் என்று அபூ நாசர் கையை உதறினார். முகாமில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். அந்தப் பேச்சு வத்தலக்குண்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்கு இருக்கிற வெட்கத்தில் பெரிய வெட்கம் இதுதான். உயிரையும் வாங்கி, பேரையும் கெடுத்துவிட்டேன். குடோன் பேச்சை அபூ நாசர் அப்புறம் எடுக்கவே இல்லை. குடும்ப விசா புதுப்பித்து வந்தது.

அடுத்த வருஷம் வைரவனின் தம்பி பாலகுரு ஜுபைலில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார். அண்ணன் உடம்பை ஊருக்கு அனுப்பக் கூட நின்றதற்கு நன்றி சொல்ல வந்தாராம். அவர் சவூதிக்கு வரப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வரிசையாக வைத்திருந்தேன். ஃபோன் வந்ததிலிருந்து ஆரம்பிப்பதாக இருந்தேன். ஹிஃப்ஸா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

பாலகுரு டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மதினிக்குத்தான் ஆறவே இல்ல பாய். ஒரு துணிக்காக எங்களத் தெருவுல விட்டுட்டாரேன்னு உமாராணி மதினி இன்னும் திட்டிக்கிட்டேதான் அழுவுது. அப்பா யார்கிட்டயும் பேசறதில்ல. ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாரு. அண்ணன் அங்கருந்து ஒங்ககிட்ட ஏதாச்சும் கேட்டாரா? போடவா, வேணாமான்னு?"

அடுப்படியில் பத்ருன்னிசா கிண்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா தம்பி?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதார். நானும் அழுதேன். பிறகு சோறு போட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

கிழவனார் மனசு ஆறட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.