ஏலம் போக மிஞ்சியது

சனிக்கிழமைகளில் எசன் நகரத் தமிழ்ப் பாடசாலைக்கு முன்னால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. உங்களுக்கும் தெரிந்திருக்கும், கம்சனா. நீங்களும் அங்கே படித்த பிள்ளைதானே. அன்றைக்கும் நான் தெருவை மறித்து நின்றபடி மகளை இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பேருந்து ஹோர்ன் அடித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மகாதேவி அக்கா யன்னலுக்குள்ளால் ஒரு கடிதத்தை நீட்டினா.

"தபோ, இதை ஒருக்காப் பாரும். நகரசபையால வந்திருக்கு."

"பாத்துச் சொல்லுறன் அக்கா. நீங்கள் யோசியாதேங்கோ."

கடிதத்தைக் காரின் முன்தட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு மறந்துவிட்டேன். நடந்ததை எல்லாம் வரிசையாக எழுதித் தரும்படி நீங்கள் கேட்டீர்கள். வரிசை என்றால் அது அங்கேதான் தொடங்குகிறது. மகாதேவி அக்காவின் தங்கை மகள், கனடாவில் இருக்கும் பெறாமகளுக்காக நீங்கள் வாதாடுகிறீர்கள். உங்கள் தொழிலில் முதல் கடிதம் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் தபோதரன். இருபத்திரண்டு வருடமாக நீதிமன்றத்தில் சத்தியம் செய்த தமிழ் மொழிபெயர்ப்பாளன். எங்கள் சனத்துக்கு ஜெர்மன் கடிதம் வந்தால் முதலில் என்னிடம்தான் வரும். ஆஸ்பத்திரி, வேலை இழப்பு, விவாகரத்து, எல்லாம் நான் வாசித்துச் சொல்லித்தான் வீட்டுக்காரருக்கே தெரியும். அக்காவின் புருஷன் அரியரத்தினம் அண்ணை இருந்தவரை அவர்கள் வீட்டுக் கடிதங்களை அவரே பார்த்துக்கொண்டார். அவர் காலமான பின் வங்கி அவருடைய கணக்கை மூடியது. வீட்டு வரி அந்தக் கணக்கில் இருந்துதான் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அது நின்றுபோனது அக்காவுக்குத் தெரியாது. பாடசாலைக்கு ரோல்ஸ் சுட்டுக் கொடுத்து, பென்சன் காசில் சிக்கனமாக இருந்தவ. தெரிந்திருந்தால் அன்றே கட்டியிருப்பா.

இரண்டாவது கடிதத்தையும் என்னிடம்தான் தந்தா. அதைத் திறந்திருந்தால் முதலாவதைத் திறக்காததைச் சொல்லவேண்டி வந்திருக்கும். ஆகவே திறக்கவில்லை. மூன்றாவது மஞ்சள் உறையில் வந்தது. மஞ்சள் உறை என்றால் நீதிமன்றம் என்று இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை மட்டும் வீட்டில் கதவைச் சாத்திவிட்டு வாசித்தேன். வரியும் தண்டமும் சேர்த்து மூவாயிரம் யூரோவுக்குக் கொஞ்சம் கூட. என் சொந்தக் காசில் கட்டிவிடலாம் என்று ஒரு கிழமை நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டினால் ஏன் கட்டினாய் என்று மனைவி கேட்பா. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அதற்குப் பிறகு வந்த உறைகளையும் அக்காவிடம் வாங்கினேன். வாங்காவிட்டால் வேறு யாரிடமாவது கொடுத்திருப்பா.

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறொன்றும் இருக்கவில்லை. பயம்கூடப் பிறகுதான் வந்தது.

வீடு ஏலத்தில் போனது. எசனின் வடக்கே, அந்தக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குக் கட்டின வரிசை வீடு. ஒரு நாள் காலையில் அக்கா தொலைபேசி எடுத்தா.

"தபோ, ஆரோ ஒரு வெள்ளைக்காரன் வந்து என்ர குசினியை அளக்கிறான். என்னெண்டு கேளும்."

போய்ச் சமையலறையில் நின்றவரைக் கேட்டேன். புதுச் சொந்தக்காரர். மரியாதையான மனிதர், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். அவர் போன பிறகு அக்காவை இருத்தி விஷயத்தைச் சொன்னேன்.

"வரிக்காசுக்கு வீட்டை விப்பினமோ?"

"ஓம் அக்கா."

"நீர் பாத்தனீர்தானே?"

"பாத்தனான். ஏலாமப் போச்சு."

அவ என் கையைத் தட்டினா. "நீர் என்ன செய்வீர். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்." குடித்துவிட்டு வந்தேன்.

இனி நீங்கள் கேட்ட பணத்துக்கு வருகிறேன். ஏலக் காசில் நகரசபைக்கு உரியதும் செலவும் போக நூற்றைம்பத்தெட்டாயிரம் யூரோ மிஞ்சியது. அது வீட்டின் பழைய சொந்தக்காரருக்கு, அதாவது அக்காவுக்கு, உரியது. அவ வந்து கேட்காவிட்டால் நீதிமன்றமே பொறுப்பில் வைத்திருக்கும். அன்ட்ராக் என்ற ஒரு விண்ணப்பம், ஒரு வங்கி இலக்கம், ஒரு கையெழுத்து. விண்ணப்பத்தை நானே நிரப்பிக்கொண்டு போனேன். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் புள்ளடியும் இட்டிருந்தேன். அக்கா பேனையைத் தொடவில்லை.

"நான் வீட்டை விக்கேல்லைத் தம்பி. விக்காத வீட்டுக்கு என்னத்துக்குக் காசு? வாங்கினா நான் வித்ததாப் போயிடும்."

ஏழு தரம் போனேன். ஏழு தரமும் அதே பேச்சு. சட்டப்படி அது சரியில்லை. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வீடு போனது போனதுதான். ஆனால் அவவிடம் சட்டம் எடுபடவில்லை. அந்தக் காசை அவ வாங்கியிருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். வீடு காசாக மாறியிருக்கும், ஒருவருக்கும் நட்டமில்லை, என் மறதியும் வெறும் மறதியாகப் போயிருக்கும். நான் அவவுக்காகத்தான் அலைந்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

ஏழாவது தரம் அவ வேறொன்றும் சொன்னா. "நீதவானோட நான் நேர கதைக்கப்போறன். எல்லாத்தையும் முதலிலயிருந்து சொல்லப்போறன். நீர் வந்து மொழிபெயர்த்து விடும்." முதலில் இருந்து என்றால் எந்த நீதிபதியும் ஒரு கேள்வி கேட்பார்: கடிதங்களை யாரிடம் கொடுத்தீர்கள்? அன்று இரவு நான் நன்றாகத் தூங்கவில்லை.

வீட்டைவிட்டு எழும்ப மாட்டேன் என்று அவ நின்றபடியால், வெளியேற்ற வந்த அதிகாரி நீதிமன்றத்துக்கு அறிவித்தார். ஒருவரால் தன் காரியத்தைப் பார்க்க ஏலாது என்று கண்டால், நீதிமன்றம் அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட ஒரு ஆளை நியமிக்கும். பெட்ரொயர் என்பார்கள். அதற்கு முதலில் வைத்தியர் ஒருவர் வந்து பரிசோதிக்க வேண்டும். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். இந்தப் பகுதியில் வேறு யார் இருக்கிறார்கள்?

வைத்தியர் மத்தியானம் வந்தா. அக்கா சமைத்து முடித்திருந்தா. அரியரத்தினம் அண்ணையின் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்திருந்தது. எங்கள் ஆக்கள் திவசத்துக்கும் அமாவாசைக்கும் செய்வதை அவ ஒவ்வொரு நாளும் செய்தா. அவருக்குப் படைத்து, கொஞ்சம் பொறுத்து, அதற்குப் பிறகுதான் தான் சாப்பிடுவா. நாங்கள் ஒருவரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. சில பெண்கள் அவவைப் பார்த்துக் கண் கலங்குவார்கள்.

வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று வைத்தியர் கேட்டா.

"நானும் அவரும்."

மொழிபெயர்த்தேன். இந்தச் சாப்பாடு யாருக்கு என்று வைத்தியர் கேட்டா.

"அவருக்கு. அவர் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுவன்."

மொழிபெயர்த்தேன். அவர் இன்றைக்குச் சாப்பிட்டாரா?

"இன்னும் இல்லை. நீங்கள் வந்திட்டியள்தானே, ஆக்கள் இருக்கேக்க சாப்பிடமாட்டார்." அக்கா இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தா. பகிடியாகத்தான் சொன்னா. அண்ணை கூச்ச சுபாவம், உயிரோடு இருக்கும்போதும் விருந்தாளிகளுக்கு முன்னால் சாப்பிடமாட்டார். நான் சொல்லை மட்டும் மொழிபெயர்த்தேன். இன்றைக்கு என்ன திகதி என்றதற்கு, அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் என்றா. அதுவும் சரிதான், நான் பிறகு கலண்டரில் பார்த்தேன். உங்களுக்கு வரவேண்டிய பணத்தை ஏன் வாங்கவில்லை என்றதற்கு, வீட்டை நான் விற்கவில்லை என்றா.

வைத்தியர் எழுதிக்கொண்டே இருந்தா. ஒரு இடத்தில் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. "உங்கள் கலாசாரத்தில் இதற்கு ஏதாவது விளக்கம் இருக்கிறதா?" என்று ஜெர்மனில் கேட்டா. நல்ல வைத்தியர். நான் மொழிபெயர்க்க மட்டும்தான் வந்திருக்கிறேன், கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். விதியும் அப்படித்தான் இருக்கிறது. வேண்டுமானால் பாருங்கள்.

இடையில் அக்கா மெதுவாக என்னைக் கேட்டா. "தபோ, முதல் வந்த கடிதங்களைப் பற்றிச் சொன்னனீரோ?"

"எல்லாம் சொல்லியாச்சு அக்கா."

அது வைத்தியருக்கு மொழிபெயர்க்க வேண்டிய கேள்வி இல்லை. என்னிடம் கேட்டது.

நீதிபதி வந்தபோது, மறதி நோய் என்று எழுதிய வைத்தியரின் அறிக்கை அவர் கையில் இருந்தது. பத்து நிமிடம்தான் இருந்தார்; கடிதங்களைப் பற்றி நான் சொல்லிவிட்டதாக நினைத்து அக்கா அந்தக் கதையை எடுக்கவில்லை. பெட்ரொயராக யாரை விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு அக்கா யோசிக்கவே இல்லை. "தபோவை விட்டா எனக்கு இஞ்ச ஆர் இருக்கினம்?" அதையும் நானே மொழிபெயர்த்தேன். சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. அக்கா வீட்டில் இருந்து ஒரு பராமரிப்பு இல்லத்துக்குப் போனா. அன்ட்ராக்கில் அவவுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது கிழமை பணம் அவவின் கணக்குக்கு வந்தது. அதில் ஒரு சதம் நான் தொடவில்லை. பராமரிப்பு இல்லத்துக்குக் கட்டினதுக்கும் செருப்பு வாங்கினதுக்கும் ரசீது இருக்கிறது. உங்கள் கடிதத்தில் 'மோசடி' என்று ஒரு சொல் எழுதியிருந்தீர்கள். கணக்கைப் பார்த்தால் அந்தச் சொல்லை நீங்களே வெட்டிவிடுவீர்கள்.

இல்லம் துப்புரவானது. மறதி நோயாளிகளின் பகுதி என்பதால் கதவுக்கு இலக்கப் பூட்டு. தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அண்ணையின் படத்தை நான்தான் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். மூன்றாவது ஞாயிறு தாதி என்னைத் தாழ்வாரத்தில் மறித்தா. சின்னப் பிள்ளை, போலந்துக்காரி. "அவ சாப்பிடுவதில்லை. மத்தியானம் தட்டை வைத்தால் படத்துக்கு முன்னால் தள்ளிவிட்டு ஏதோ ஒரே வசனத்தைச் சொல்லுகிறா. ஆறியதும் நாங்கள் எடுத்துவிடுகிறோம். என்ன சொல்லுகிறா என்று கேட்டுச் சொல்வீர்களா?"

உள்ளே போனோம். அக்கா என்னைக் கண்டதும் எழும்பி இருந்தா. கை நன்றாக மெலிந்துவிட்டது.

"வந்திட்டீரோ தபோ. அவருக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு, ரெண்டு தாங்கோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறன். இவையளுக்கு விளங்கேல்லை. நல்ல பிள்ளையள், ஆனா விளங்கேல்லை. நீர் சொன்னாச் செய்வினம். சொல்லும்."

தாதி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. ஒரே ஒரு வசனம்தான். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பா, நான் வழக்கத்தை விளக்குவேன். அப்படியென்றால் இதை அந்த வைத்தியருக்கு ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும்.

"பசிக்கவில்லையாம், வற்புறுத்த வேண்டாமாம்," என்றேன்.

"சொல்லிட்டீரோ?" என்று அக்கா கேட்டா.

"சொல்லிட்டன் அக்கா."

அதற்குப் பிறகு அவர்கள் வற்புறுத்தவில்லை. இங்கே நோயாளியின் விருப்பத்தை மிகவும் மதிப்பார்கள். என் பெயரைப் போட்டு, வசனத்தையும் போட்டு, கோப்பில் எழுதிவைத்தார்கள். அதைத்தான் நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பாலும் தேத்தண்ணியும் மட்டும் குடித்தா. நான் இன்னும் ஒன்பது ஞாயிறு போனேன். ஒவ்வொரு தரமும் தாதி கேட்டா, ஒவ்வொரு தரமும் அதையே சொன்னேன். பத்தாவது ஞாயிறுக்கு இரண்டு நாள் முதல், அக்கா போய்விட்டா என்று இல்லத்தில் இருந்து தொலைபேசி வந்தது. முப்பத்தாறு கிலோ இருந்தாவாம்.

ஆகவே, ஓம். கடிதங்களை மறைத்தது நான். வைத்தியர் கேட்டபோது பேசாமல் இருந்தது நான். தட்டுக் கேட்டவவுக்குப் பசிக்கவில்லை என்று சொன்னதும் நான்தான். கையெழுத்து வேண்டுமென்றால் எங்கே போடவேண்டும் என்று புள்ளடி இட்டு அனுப்புங்கள். ஏலம் போக மிஞ்சிய பணத்தில் நூற்றைம்பதாயிரத்துக்கு மேலே அப்படியே இருக்கிறது, உங்கள் கட்சிக்காரர் வந்து வாங்கலாம்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஞாயிறு பேச ஏலாமல் கிடந்தபோதும் அக்கா என்னைக் கண்டு சிரித்தா. கையையும் பிடித்துக்கொண்டா. என்னில் அவவுக்கு ஒரு மனக்குறையும் இருக்கவில்லை. ஒருவருக்கு உண்மையாகவே கெடுதல் செய்திருந்தால், அவருக்கு அது தெரியாமலா போயிருக்கும்?