குறுஞ்செய்தி போக வேண்டிய எண்

எனக்கு விளக்கிச் சொல்வது பிடிக்கும். எங்கள் வங்கிக் கிளையில் நான்கு கவுண்டர்கள் இருந்தாலும் உதவித்தொகை வாங்க வரும் வயதானவர்கள் என் கவுண்டரில்தான் வரிசை கட்டுவார்கள். மற்றவர்கள் "சர்வர் வேல செய்யல" என்று முடித்துவிடுவார்கள். நான் சர்வர் என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது, திங்கட்கிழமைகளில் ஏன் திணறுகிறது என்பது வரை சொல்வேன். காரணம் தெரிந்துவிட்டால் மனிதர்கள் கோபப்படுவதில்லை. ஆகையால், ஐயா, விசாரணைக்காக நீங்கள் கேட்டிருக்கும் ஒரு வரிக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி இது: நிலவன் என்கிற வாடிக்கையாளரின் கணக்கைப் பற்றித் தலைமை அலுவலகம் அனுப்பிய ஏழு எச்சரிக்கைகளை, கலைமகள் ஆகிய நான் ஏன் விசாரிக்காமலே முடித்துவைத்தேன்? வேலைப் பளு என்று எழுதிக் கொடுத்துவிடும்படி மேலாளர் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அது உண்மையில்லை. நிலவன் என் தம்பி.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அது இல்லாமல் மற்றது புரியாது. 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டுச் சட்டம் வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், அது ஆடுகிறவனைத் துரத்தவில்லை. பணம் போகிற வழியை அடைத்தது. எந்த வங்கியும் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது. பணம் எதற்குப் போகிறது என்று வங்கிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வியாபாரிக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு வகை எண் உண்டு. மருந்துக் கடைக்கு ஒன்று, ஓட்டலுக்கு ஒன்று, சூதாட்டத்துக்கு ஒன்று. அந்த எண்ணைக் கண்டதும் கணினி மறுத்துவிடும். திட்டு இல்லை, அடி இல்லை, அழுகை இல்லை. "பணம் செலுத்த இயலவில்லை" என்று ஒரே வரி. அழகான ஏற்பாடு.

ஒரு குறை உண்டு. வெளிநாட்டில் உட்கார்ந்து நடத்துகிறவர்கள் வேறு யாருடைய பெயரிலோ, வேறு ஏதோ வியாபாரத்தின் பெயரிலோ பணத்தை வாங்கிக்கொள்வார்கள். கோரிமேட்டு எல்லைச் சாவடியில் நம் ஊர் மதுச் சரக்கு வெளியே போகிறதா என்று வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள் அல்லவா, அதைப் போல. பாட்டில் கண்ணில் பட்டால் மாட்டிக்கொள்ளும். காய்கறி மூட்டைக்குள் இருந்தால் மூட்டையைப் பிரித்தால்தான் தெரியும். எந்த மூட்டை சந்தேகமாக இருக்கிறது என்று தலைமை அலுவலகம் சொல்லும். பிரித்துப் பார்க்க வேண்டியது கிளை. எங்கள் கிளையில் அந்த வேலை என்னுடையது.

நிலவன் ஏசி மெக்கானிக். என்னைவிட எட்டு வயது இளையவன். நான்கு வருடம் போனில் சீட்டாடினான், பிறகு நிறம் சொல்லும் ஆட்டம், பிறகு பறக்கும் விமானத்தை நிறுத்தும் ஆட்டம். அந்த நான்கு வருடமும் அவன் கணக்கில் எது நடந்தாலும் குறுஞ்செய்தி என் போனுக்கு வரும்படி வைத்திருந்தேன். அவன் தோற்றால் ஒரு செய்தி, ஜெயித்தால் ஒரு செய்தி. மதியம் முத்தியால்பேட்டையில் பிரியாணி சாப்பிட்டால் அதற்கும் ஒன்று. கவுண்டருக்குக் கீழே என் போன் நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கும். எனக்கு முப்பத்தேழு வயது, கல்யாணமாகவில்லை. வேறு யாரிடமிருந்தும் எனக்கு அத்தனை செய்திகள் வந்ததில்லை.

எல்லாம் போன பிறகு அவன் கிளைக்கே வருவான். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "அக்கா, இதான் கடைசி" என்பான். அந்த நேரத்தில் அவன் என் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டான்.

சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. நிலவனுக்கும் கார்குழலிக்கும் கல்யாணம் நடந்தது அதற்கு அடுத்த வாரம், ஆவணி முகூர்த்தத்தில். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி நான் எல்லோரையும் கேட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

கார்குழலி உப்பளம் பகுதிப் பெண். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். கல்யாணமான மாதமே இரண்டு பேரும் சேர்ந்து என் கவுண்டரில் கூட்டுக் கணக்குத் தொடங்கினார்கள். இரண்டு பேர் சம்பாத்தியமும் அதில்தான் விழும். படிவத்தை நான்தான் நிரப்பினேன். குறுஞ்செய்தி போக வேண்டிய எண் என்ற கட்டம் வந்தபோது என் எண்ணை எழுதப் பேனாவை வைத்தேன்.

"அவ நம்பருக்கே போவட்டும்க்கா" என்றான் நிலவன். "ஒனக்கு இனிமே ஏன் தொல்ல?"

தொல்லை என்பதை அவன் அன்போடுதான் சொன்னான். கார்குழலியின் எண்ணை எழுதினேன். அன்று பிற்பகல் என் போன் ஒருமுறைகூட அதிரவில்லை. பழுதாகிவிட்டதோ என்று பக்கத்துக் கவுண்டர் ஹேமலதாவிடம் என் எண்ணை அழைத்துப் பார்க்கச் சொன்னேன். பழுதில்லை.

நிலவன் ஆடுவதை நிறுத்தினான். மாதங்கள் போயின. கார்குழலிக்கு எங்கள் சாரம் பகுதி வீட்டில் வளைகாப்பு நடந்தது. அத்தை கன்னியம்மாள் அவள் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நாலு வருசம் பேங்க்குல ஒக்காந்துக்கினு ஒன்னால முடியல கலை. இவ பாரு, வந்த வாரமே கட்டிப் போட்டுட்டா."

"இவ கட்டல அத்த. கவர்மென்ட்டு கட்டுனது. கல்யாணத்துக்கு முந்துன வாரம் சட்டம் வந்துச்சு. இப்ப எந்த பேங்குலயும் அதுக்குப் பணம் போவாது."

"சட்டமாம். ஹெல்மெட்டுக்குந்தான் சட்டம் இருக்குது. ஒங்க மாமா ஒருநாளு போட்டுக்கினு போயிருக்காரா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். நான் வகை எண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் யாரோ பாட்டைப் பெரிதாக வைத்துவிட்டார்கள்.

கார்குழலி மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து இரண்டு கண்ணாடி வளையல்களை மாட்டிவிட்டாள். "அப்புடி சொல்லாதீங்க சின்னம்மா" என்றாள் அத்தையிடம். "அண்ணி நாலு வருசம் தாங்குனதாலதான் இவரு எனக்கு முழுசா கெடச்சாரு."

நல்ல பெண். அவள் மீது எனக்கு எந்தக் குறையும் கிடையாது. அந்த வாக்கியத்தில் "எனக்கு" என்ற சொல்லை மட்டும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவளை அவள் அம்மா பிரசவத்துக்காக உப்பளத்துக்கு அழைத்துப் போனாள். இரண்டு வாரம் கழித்து எங்கள் கிளை ஏசியைச் சுத்தம் செய்ய நிலவனை நான் வரவழைத்தேன். ஏணி மேல் நின்று வடிகட்டியைக் கழற்றியபடி அவன்தான் கேட்டான்.

"ஏன்க்கா, அந்த சைட்டுங்களுக்கு இப்ப நெசமாவே எங்கேருந்தும் பணம் போவாதா? சும்மா கேக்குறேன்."

போகாது என்பது ஒரு சொல். அவன் கேட்டதும் அந்த ஒரு சொல்லைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அரைகுறையாகப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வகை எண்ணைச் சொன்னேன். கோரிமேட்டு மூட்டையைச் சொன்னேன். பணம் கட்டும் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்தும் காட்டினேன்.

"எனக்கு எதுக்குக்கா அதெல்லாம்? நான்தான் வுட்டுட்டேனே" என்றான்.

"நீ எங்கடா வுட்ட? கதவ சாத்துனாங்க, நீ வெளிய நின்ன. தொறந்திருந்தா என்னா பண்ணியிருப்பன்னு ஒனக்கே தெரியாது."

அவன் வடிகட்டியைத் தலைகீழாக மாட்டினான். பத்து வருடத் தொழிலில் அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கீழே இறங்கியதும் மேஜை மேல் இருந்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்தப் பேச்சில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய நாள் தேதியிட்ட படிவம் ஒன்று உங்கள் கோப்பில் இருக்கும். குறுஞ்செய்தி போக வேண்டிய எண்ணைக் கார்குழலியுடையதிலிருந்து என்னுடையதாக மாற்றும் படிவம். அதிலுள்ள கையெழுத்து நிலவனுடையதல்ல. அவனுக்கு எழுதப் பழக்கியது நான்தான், அதனால் சிரமம் இருக்கவில்லை. கணினியில் ஒப்புதல் தந்தது ஹேமலதா. என்னை நம்பி, பார்க்காமல் தந்தாள். அவளை இதில் சேர்க்க வேண்டாம்.

எண்ணை மாற்றிய அன்று மாலையே கார்குழலி உப்பளத்திலிருந்து கூப்பிட்டாள். "அண்ணி, என்னமோ நம்பர் மாறியிருக்குன்னு மெசேஜ் வந்துருக்கு."

"சிஸ்டம் மாத்துறாங்கம்மா, எல்லாருக்கும் வருது. நீ ஒடம்பப் பாத்துக்க."

"சரிங்கண்ணி" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஏணிப் பேச்சு நடந்த ஒன்பதாம் நாள், மதிய உணவின்போது என் போன் அதிர்ந்தது. ஏதோ ஒரு மளிகைக் கடையின் பெயர், வடமாநிலத்துப் பெயர். சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று வந்துவிட்டன. நான் அன்று ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டதாக ஹேமலதா சொன்னாள்.

பிறகு எச்சரிக்கைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருக்கும் இரண்டு பேரையும் அழைத்துப் பேசி, பதிலைப் பதிவு செய்ய வேண்டும். முதலாவதின்போதே கார்குழலியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் சேமிப்பில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். நான் யாரையும் அழைக்கவில்லை. "வாடிக்கையாளரிடம் பேசப்பட்டது. ஏசி உதிரி பாகங்கள் வாங்கியது" என்று ஆறு முறை எழுதினேன். ஏழாவதற்குக் கம்ப்ரசர் என்று எழுதினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, நிலவன் கிளைக்குள் வந்தான். வரிசையில் நின்றான். அவன் முறை வந்தது.

"ஒண்ணுமில்லாம ஆக்கிட்டேன்க்கா" என்றான். "அவ சம்பளமும் அதுலதான் இருந்துச்சு. அவகிட்ட எப்புடி சொல்லுவேன்?"

அப்போது என் போனில் அம்மாவின் பெயர் வந்தது. என்ன விஷயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கார்குழலிக்கு அன்று காலையிலேயே வலி கண்டிருந்தது. நிலவன் தன் போனை அணைத்து வைத்திருந்ததால் அம்மா என்னைக் கூப்பிடுகிறாள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். மூன்று முறை அதிர்ந்து ஓய்ந்தது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், ஐயா. கவுண்டரை மூடிவிட்டு அவனை உள்ளே உட்கார வைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு மணி பத்து நிமிடம் அவன் சொன்னதையெல்லாம் கேட்டேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடக் கணவனைத் தேடியிருக்கிறார்கள். கடைசியில் கார்குழலியின் அப்பா போட்டார். உள்ளே கொண்டுபோகும்போது அவள் "அவுரு வந்துட்டாரா?" என்று நர்சிடம் இரண்டு தடவை கேட்டாளாம். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.

கார்குழலி சாரத்துக்குத் திரும்பி வரவில்லை. குழந்தையைத் தூக்கிப் பார்க்க நிலவன் ஒருமுறை உப்பளம் போனான். வாசலிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். அம்மா இப்போது அவள் பேச்சை எடுப்பதில்லை. "அவ கட்டுனது அவ்ளோ நாளுதான் தாங்குச்சு" என்று அத்தையிடம் சொன்னதைக் கேட்டேன். யார் கட்டியது என்று நான் திருத்தவில்லை.

இன்னும் ஒன்று. நீங்கள் நிலவனின் கணக்கை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். என் கணக்கையும் பாருங்கள். அதே மளிகைக் கடைகளின் பெயர்கள் அதிலும் இருக்கும். அவனிடம் எதுவும் மிஞ்சவில்லை என்பதால், தினமும் சாயங்காலம் என் போனிலிருந்து அவன் ஆடுவதற்கு நானே பணம் போட்டு விடுகிறேன். அளவாகத்தான். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். விட்டுவிடு என்று நான் சொல்வதில்லை. சொன்னால் வேறு யாரிடமாவது போய்விடுவான்.

நடந்தது இவ்வளவுதான். சம்பளத்தைக் குறைத்தாலும், பதவி உயர்வை நிறுத்தினாலும், போலீசில் கொடுத்தாலும் நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். என்னைக் காரைக்காலுக்கோ வேறு ஊருக்கோ மட்டும் மாற்றிவிடாதீர்கள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவனைத் தடுப்பதற்கு ஆளே இருக்காது.