நீளமாக விட்ட கயிறு

— அங்க மிதிக்காதீங்க சார், அந்தப் பலகை உள்வாங்கிடும். இந்தப் பக்கமா வாங்க. கையைக் குடுங்க.

— வந்துட்டேன், வந்துட்டேன். இன்சூரன்ஸ் சர்வேயருக்கே இன்சூரன்ஸ் எழுத வெச்சிருப்பீங்க போல. அப்பாடா! என்ன தம்பி இது, படகோட அடி மொத்தமும் பிளந்து கிடக்கு? போட்டோவுல இவ்வளவு தெரியலையே.

— எடுத்தவருக்கு எடுக்கத் தெரியலை சார்.

— யார் எடுத்தது?

— அதோ, எஞ்சின் பெட்டி மேல உக்காந்திருக்காரே, அவருதான்.

— ஐயா, போட்டோ எப்படி இருந்தாலும் உடைஞ்சது உடைஞ்சதுதான்னு அவன்கிட்ட சொல்லுங்க.

— பொறுங்க பொறுங்க. நான் எதுக்கு நடுவுல? கை நீட்டினா தொடுற தூரத்துல நிக்கிறாரு. நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பின்னுதானே பாலிசியில போட்டிருக்கு?

— போட்டிருக்கும் ஐயா. அது கிடக்கட்டும்.

— நாங்க பேசிக்கிறதில்லை சார். மூணு வருஷம் ஆகப்போகுது.

— ஒரே படகை வெச்சுக்கிட்டா?

— காலையில அவரு அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏத்துவாரு. மத்தியானத்துக்கு மேல நான். சாவி அந்த ஆணியில தொங்கும். நான் வர்ற நேரத்துக்கு அவரு கிளம்பிப் போயிருப்பாரு.

— டீசல் தீர்ந்துபோச்சுன்னா எப்படித் தெரியும்?

— டப்பாவைக் கவுத்து வெச்சிருப்பாரு. எஞ்சின் மக்கர் பண்ணுச்சுன்னா சுக்கான்ல துணி கட்டியிருக்கும். படகுல தண்ணி கசிஞ்சா வாளி நடுவுல இருக்கும். நாங்க நல்லாத்தான் பேசிக்குவோம் சார், வாயால மட்டும் கிடையாது.

— இதை என் வீட்டுக்காரிகிட்ட சொன்னா நாளைக்கே எங்க வீட்லயும் டப்பாவைக் கவுத்துடுவா. சரி, ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்தாவது உண்டா?

— அதெல்லாம் உண்டு சார். அண்ணியும் என் வீட்டுக்காரியும் ஒண்ணாத்தான் கடைக்குப் போவாங்க. என் பொண்ணு பாதி நாள் தூங்கறதே அவரு வீட்லதான். பெரியப்பான்னா உசிரு.

— குழந்தை என்ன பண்ணும் ஐயா. அதுக்கு இதெல்லாம் தெரியுமா?

— என்ன பெரியவரே, இந்த இருமு இருமுறீங்க? தண்ணி குடிங்க.

— அது கிடக்கட்டும் ஐயா. தலையில நாலு சொட்டு விழுந்தாலே இப்படித்தான். புயலன்னிக்கு நனைஞ்சது, நெஞ்சை விட்டு இன்னும் போகலை. நீங்க உங்க வேலையைப் பாருங்க.

— என் வேலை சின்ன வேலைதான். புயல்ல உடைஞ்சுதா, நீங்க கவனிக்காம விட்டதுல உடைஞ்சுதா, இதை மட்டும்தான் நான் எழுதணும். புயல்னா பணம் வரும். கவனிக்காம விட்டதுன்னா ஒரு காசு வராது.

— வரலைன்னா நாங்க ரெண்டு பேரும் அடுத்தவன் படகுல கயிறு பிடிக்கத்தான் சார் போகணும். எங்கப்பா காலத்துலேருந்து இந்தத் துறையில எங்களுக்குன்னு ஒரு படகு இருந்திருக்கு. அவருக்கு இந்த வயசுல யார் வேலை குடுப்பா?

— எனக்காக அவன் கவலைப்பட வேண்டாம் ஐயா.

— சரி சரி. இப்போ சொல்லுங்க, அன்னிக்குக் கடைசியா கயிறு கட்டினது யாரு?

— நான்தான் ஐயா.

— இல்லை சார், நான்தான்.

— அடக் கடவுளே! இத்தனை வருஷத்துல எவனைக் கேட்டாலும் நான் இல்லை, நான் இல்லைன்னுதான் சொல்லுவான். இங்க என்னடான்னா போட்டி போடுறீங்க. பெரியவரே, முதல்ல நீங்க சொல்லுங்க.

— சாயங்காலமே வானம் ஒரு மாதிரி மஞ்சளாயிடுச்சு ஐயா. தண்ணி எக்கச்சக்கமா ஏறும்னு தெரிஞ்சது. வந்து பாத்தா படகு துறையோட ஒட்டி இறுக்கிக் கட்டிக் கிடக்கு. அப்படி இருந்தா தண்ணியோட சேர்ந்து எழும்ப முடியாது, கழுத்தைப் பிடிச்சு அழுத்தின கணக்கா ஆயிடும். அதான் முன்பக்கக் கயிறையும் பின்பக்கக் கயிறையும் நல்லா நீளமா விட்டுக் கட்டினேன். மழைக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிட்டேன். அதையும் மீறி அலை அடிச்சுருச்சு. மூணு கயிறும் போச்சு. காத்தை யார் போய்க் கேக்க முடியும்? அப்படியே எழுதிக்குங்க.

— எழுதலாம். ஆனா இங்க கொஞ்சம் பாருங்க. கயிறு மாட்டுற இந்தக் கட்டை, திருகாணியெல்லாம் சேர்த்துப் பிடுங்கிக்கிட்டு வந்திருக்கு. இதோட முன்பக்கப் பலகையும் பிளந்திருக்கு. நீளமா விட்ட கயிறு இந்த வேலை பண்ணாதே.

— பண்ணாது சார். அதைத்தான் சொல்ல வர்றேன். நான் மத்தியானச் சவாரியெல்லாம் முடிச்சு இறுக்கிக் கட்டிட்டுத்தான் போனேன். இருட்டினப்புறம் மனசு கேக்காம ஒரு எட்டு வந்து பாத்தேன். கயிறு தொளதொளன்னு கிடக்கு. அவரு வந்துட்டுப் போனது எனக்குத் தெரியாது. நான் போட்ட முடிச்சுதான் நழுவிடுச்சுன்னு நினைச்சேன். ரெண்டையும் இழுத்து இறுக்கினேன். போதாதுன்னு என் வண்டியில கிடந்த நீலக் கயிறை எடுத்துட்டு வந்து முன்பக்கம் இன்னொண்ணும் போட்டேன்.

— தம்பி, பொறந்ததுலேருந்து தண்ணியில கிடக்கிற ஆளு நீங்க. புயல் வர்றப்போ இறுக்கக் கூடாதுன்னு தெரியாதா?

— தெரியும் சார். தெரிஞ்சு என்ன பண்ண? தளர்ந்த கயிறைப் பாத்தா என் கை சும்மா இருக்காது. மூணு வருஷம் முன்னாடி இதே துறையில கயிறைக் கொஞ்சம் தளர்த்தி விட்டுட்டேன். ஒரு அம்மா கால் வெக்கிற நேரம் பாத்து படகு விலகிடுச்சு. விழலை, தடுமாறினாங்க. அதுக்கு அத்தனை பேர் முன்னாடியும், கயிறு கட்டத் தெரியாதவனுக்கு எதுக்குடா படகுன்னு கேட்டாரு.

— அந்தப் பொண்ணு மாசமா இருந்துச்சுன்னு சொல்லுங்க ஐயா. விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?

— தப்புத்தான் சார், நான் இல்லைங்கலை. தனியா கூப்பிட்டு ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். சின்ன வயசுல எத்தனை அடிச்சிருக்காரு, கணக்கே கிடையாது. ஆனா அன்னிக்கு வரிசையில நின்னவன்லாம் சிரிச்சான் சார். அடுத்த நாள் படகுல ஏறும்போது, இன்னிக்குக் கயிறு யாரு கட்டினதுன்னு கேட்டுட்டு ஏறினான். அன்னியிலேருந்து இறுக்கிக் கட்டியே பழகிட்டேன்.

— பெரியவரே, டப்பாவைக் கவுக்குறீங்க, துணி கட்டுறீங்க, வாளியை நகர்த்துறீங்க. கயிறை நான்தான் நீளமா விட்டேன்னு சொல்ல ஒரு அடையாளம் இல்லாம போச்சா?

— கயிறுக்கு அடையாளம் வெக்கலையே ஐயா. அதுக்குப் போய் தேவைப்படும்னு யார் கண்டது?

— சார், சுத்தி வளைக்க வேண்டாம். உடைச்சது என் கைதான். என் பங்கு எனக்கு வேண்டாம், எழுதிக் குடுத்துடறேன். அவருக்குச் சேர வேண்டியதையாவது வாங்கிக் குடுங்க. நான் இனிமே இந்தத் துறைப் பக்கமே தலை வெக்க மாட்டேன்.

— பொறுங்க பொறுங்க. பாதிப் படகுக்கெல்லாம் பணம் குடுக்க மாட்டாங்க. நான் சொல்றதைக் கேளுங்க. அண்ணன் படகைக் காப்பாத்த வந்து தளர்த்தியிருக்காரு. தம்பியும் காப்பாத்தத்தான் வந்து இறுக்கியிருக்காரு. இதைப் போய் கவனிக்காம விட்டதுன்னு எழுத என் கை வராது. இந்த அளவுக்கு அக்கறையா இருந்து படகை உடைச்சவங்களை நான் பாத்ததே இல்லை. ஒருத்தர் செஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாதுன்னு எழுதுறேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது.

— தெரியாதுன்னா எழுதுறீங்க?

— ஆமா பெரியவரே. கிளெய்மே அந்த ஒரு வார்த்தையிலதான் நிக்குது. ஒருத்தருக்காவது தெரிஞ்சும் சும்மா இருந்தீங்கன்னா எல்லாம் அடிபட்டுப் போயிடும். தம்பி, நீங்க முதல்ல போடுங்க. இங்கே.

— போட்டுட்டேன் சார். பணம் வரட்டும். வந்தாலும் இந்த ரெண்டு கையைப் பாக்குற நேரமெல்லாம் எனக்கு அந்தக் கட்டை பிடுங்கின சத்தம்தான் கேக்கப்போகுது.

— பெரியவரே, நீங்க... என்ன, பேனா எழுதலையா?

— ஐயா, இவன் இப்படியே போயிடுவானா?

— எப்படியே?

— எல்லாம் தன்னாலதான்னு நினைச்சுக்கிட்டு.

— அது அவர் பாடு. இதோ பாருங்க, ஒண்ணு சொல்றேன். நீங்க விட்டுட்டுப் போனது ரெண்டு கயிறு. ஆனா மூணு கயிறும் போச்சுன்னு சொன்னீங்க. நீலக் கயிறு கதை அதுக்கப்புறம்தான் வெளியே வந்தது. மழைக்கு முன்னாடியே வீட்டுக்குப் போனவருக்கு நனைஞ்சு இருமலும் வந்திருக்கு. நான் எதையும் கேக்கலை. கேக்காம இருக்கிறது மூணு பேருக்கும் நல்லது. கையெழுத்தைப் போடுங்க.

— வெச்சுக்குங்க உங்க பேனாவை. டேய்.

— சார், இப்போ அவரு யாரைக் கூப்பிட்டாரு?

— உங்களைத்தான் தம்பி.

— டேய், நான் திரும்பி வந்தேன்டா. மழை பிடிச்சதும் வீட்ல இருக்க முடியலை, ஓடி வந்தேன். நீ குனிஞ்சு நீலக் கயிறை இழுத்துக் கட்டிக்கிட்டு இருக்க. துறைக்குப் பக்கத்து ஐஸ் ரூம் சுவரோரமா ஒதுங்கி நின்னேன். நீ போனதும் அவுத்து விட்டுடலாம்னு நினைச்சேன். நீ போகலை, டிக்கெட் கொட்டகையில போய் உக்காந்துட்ட. தண்ணி ஏறுது. படகு மூக்கு அமுங்குறது நல்லாத் தெரியுது. தளர்த்தி விடுடான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். இவன்கிட்ட நான் முதல்ல வாயைத் திறக்கிறதான்னு நின்னேன். கட்டை பிடுங்குற சத்தம் கேக்குற வரைக்கும் நின்னேன்டா. பாவி நான். உன் கை ஒண்ணும் பண்ணலை.

— பெரியவரே, என்ன காரியம் பண்ணினீங்க! காதுல வாங்கிட்டேனே. இனிமே எப்படி நான் தெரியாதுன்னு எழுதுவேன்?

— தெரியும்னே எழுதுங்க ஐயா. படகு போனா போகட்டும். இந்தப் பழியை இவன் தலையில வெச்சுட்டு அந்தப் பணத்துல நான் கஞ்சி குடிக்க முடியாது.

— எழுதுறதுன்னா முழுசா எழுதுங்க சார். என் கையெழுத்தையும் அடிச்சுடுங்க.

— இன்னும் என்ன தம்பி இருக்கு?

— அண்ணே, நீ அங்க நின்னது எனக்குத் தெரியும். அந்த மழையிலயும் உன் இருமல் கேட்டுச்சு. கயிறை நீதான் நீளமா விட்டிருக்கேன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. நீ வந்து திட்ட மாட்டியான்னுதாண்ணே, அவுக்காம உக்காந்திருந்தேன்.